டேங்க் இருக்கிறதா என்பதைவிட கிலோவாட் எவ்வளவு என்று பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். இரண்டு குளியலறை, ஒரு சமையலறை. ஒன்பது வருடம் ஓடிய 25 லிட்டர் ஹீட்டர் இப்போது அடியில் சொட்டுகிறது. "இனி டேங்க் எதற்கு? டேங்க் இல்லாத ஹீட்டர் ஒன்று போட்டால் வீடு முழுக்கச் சுடுதண்ணீர் வரும், கரண்டும் பாதி மிச்சம்" என்கிறார் பிளம்பர். எங்களுடையது போர் தண்ணீர், உப்பு கொஞ்சம் அதிகம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக இறங்குகிறது, பிரஷர் பம்ப் இல்லை. சிங்கிள் ஃபேஸ் இணைப்பு, 5 கிலோவாட் லோடு. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 20 டிகிரி வரை போகும். காலையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லோரும் குளித்து முடிக்க வேண்டும். மாமியாருக்கு வயது 75. எதை வாங்கலாம்? பழைய ஒயரிங்கே போதுமா?

பதில்: புதிது வாங்குவதற்கு முன், பழையதில் சொட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். எம்சிபியை (கரண்ட் அதிகமானால் தானே விழும் ஸ்விட்ச்) அணைத்துவிட்டுப் பாருங்கள். சொட்டுகிற தண்ணீர் ஒயர் முனைகளில் பட்டிருக்கலாம்.

சூடாகும்போது மட்டும் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டி, பிறகு நின்றுவிட்டால் அது பழுதே அல்ல. 20 டிகிரி தண்ணீர் 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் விரியும். 25 லிட்டரில் அது சுமார் 380 மில்லி. உள்ளே வரும் குழாயில் ஒருவழி வால்வு இருந்தால், விரிந்த தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் பாதுகாப்பு வால்வு வழியாக வெளியேறும். சொட்டுகிறதே என்று அந்த வாயை அடைத்துவிடுபவர்கள் உண்டு. சூடு போதும் என்று கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்ட அன்றைக்கு டேங்க் வெடிப்பது இப்படித்தான்.

எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) மூடியைச் சுற்றி வெள்ளைக் கோடோ துருக் கோடோ தெரிந்தால் கேஸ்கெட் போயிருக்கிறது. அது சின்ன வேலை, மாற்றினால் இன்னும் சில வருடம் ஓடும். ஆனால் சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சீராக, வெளி உறையின் ஓரத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தால் உள் டேங்க் ஓட்டையாகிவிட்டது. அதை வெல்டிங் வைத்துக் காப்பாற்ற முடியாது. உள்பூச்சு அந்தச் சூட்டில் உதிர்ந்துவிடும். ஒன்பது வருடத்தில் ஆனோடு ராடை (டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் கம்பி) ஒருமுறையும் மாற்றவில்லை என்றால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் பிளம்பர் சொன்னதற்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எந்த விளம்பரத்தையும் நீங்களே சரிபார்க்கலாம். ஹீட்டரின் கிலோவாட்டை 14.3 ஆல் பெருக்குங்கள். தண்ணீரை எத்தனை டிகிரி ஏற்ற வேண்டுமோ அதனால் வகுங்கள். வருவதுதான் நிமிடத்துக்குக் கிடைக்கும் லிட்டர். தண்ணீரின் இயல்பு இது. எந்தக் கம்பெனி செய்த ஹீட்டராக இருந்தாலும் இதைத் தாண்ட முடியாது.

உங்கள் வீட்டில் 20 டிகிரி தண்ணீரை 40 ஆக்க வேண்டும், அதாவது 20 டிகிரி ஏற்றம். சாதாரண 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் கொடுப்பது நிமிடத்துக்கு 2.1 லிட்டர். நடுத்தர ஷவருக்கே 8 லிட்டர் வேண்டும். அந்த 8 லிட்டரை 20 டிகிரி ஏற்ற 11 கிலோவாட்டுக்கு மேல் தேவை. 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 49 ஆம்ப். இரண்டு ஷவரும் ஒன்றாகத் திறந்தால் 22 கிலோவாட். உங்கள் மொத்த லோடே 5 கிலோவாட். "ஒன்று போட்டால் வீடு முழுக்க" என்பது மின்சாரத்தில் உங்களுக்கு நடக்காத காரியம். மூன்று ஃபேஸ் இணைப்பும் போதிய லோடும் உள்ள வீட்டில் 18 முதல் 27 கிலோவாட் ஹீட்டர் வைக்கலாம், அங்கே அது அருமையாகவே வேலை செய்யும். உங்கள் இணைப்பில் முடியாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கடையில் "இன்ஸ்டன்ட்" என்று விற்பவற்றில் பலவற்றின் உள்ளே 1 லிட்டரோ 3 லிட்டரோ டேங்க் இருக்கிறது. திறந்தவுடன் முதல் சில லிட்டர் கொதிக்கக் கொதிக்க வரும், பிறகு மேலே சொன்ன கணக்குக்கு இறங்கிவிடும். கடையில் செய்து காட்டும்போது நன்றாக இருப்பதும், வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும்போது ஆறிப்போவதும் இதனால்தான்.

கேஸ் ஹீட்டரில் சக்தி போதும். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று எழுதியிருந்தால், அது எத்தனை டிகிரி ஏற்றத்துக்கு என்று கேளுங்கள். 25 டிகிரி ஏற்றத்துக்கு 6 லிட்டர் என்றால் ஏறத்தாழ 10.5 கிலோவாட். அதே ஹீட்டர் உங்கள் 20 டிகிரிக்கு 7.5 லிட்டர் தரும். ஒரு ஷவருக்குச் சரி. ஆனால் ஹீட்டரைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. மூடிய அறையில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தலைசுற்றல் என்று தொடங்கி, கதவைத் திறக்கக்கூட பலம் இல்லாமல் விழுந்துவிடுவார்கள். வெளிச்சுவரில், புகைக்குழாயோடு, காற்றோட்டமாக மாட்ட இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் அன்றே நிறுத்தி ஆள் கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது, தண்ணீரின் அழுத்தம். 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார். மேல்மாடிக் குளியலறையில் ஷவருக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் இடையே இரண்டரை மீட்டர்தான் இருக்கும் என்றால் கிடைப்பது 0.25 பார். டேங்க் இல்லாத ஹீட்டர்களில் தண்ணீர் ஓடுவதை உணரும் சென்சார் இருக்கும். பல மாடல்களில் நிமிடத்துக்கு 2, 3 லிட்டராவது ஓடினால்தான் பற்றும். குறைந்த அழுத்தத்தில் குழாயைத் திறந்துவிட்டு எப்போது சூடு வரும் என்று காத்திருப்பீர்கள், அது வரவே வராது.

பற்றினாலும் பாதியில் அணையும். டேங்க் இல்லாத ஹீட்டர் வைத்தவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான், அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஹீட்டரை 60 டிகிரியில் வைத்துவிட்டு, சூடு அதிகம் என்று குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்து கலக்கிறீர்கள். ஷவர் தலை ஒரு அளவுக்கு மேல் விடாது. குளிர்ந்த தண்ணீர் கூடக் கூட, ஹீட்டர் வழியாக வரும் தண்ணீர் குறையும். குறைந்து சென்சாரின் எல்லைக்குக் கீழே போனதும் ஹீட்டர் அணைந்துவிடும், தலையில் பச்சைத் தண்ணீர் கொட்டும். பதறிக் குளிர்ந்த குழாயை மூடுவீர்கள், ஹீட்டர் மறுபடி பற்றி, கொஞ்ச நேரத்தில் சுடச்சுட வரும். ஹீட்டர் பழுது என்று ஆளைக் கூப்பிட்டால் அவர் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். ஹீட்டரையே 40, 42 டிகிரியில் வைத்து, சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் முழுக்கத் திறந்து குளிப்பதுதான் வழி. டேங்க் உள்ள ஹீட்டரில் இந்தத் தொல்லையே கிடையாது, 0.25 பார் அழுத்தத்திலும் அது தன்னிடம் இருப்பதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

"கரண்ட் பாதி மிச்சம்" என்பதையும் பார்த்துவிடுவோம். ஒருவர் குளிக்க 40 டிகிரியில் 35 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேருக்கு 175 லிட்டர். அதை 20 டிகிரி ஏற்ற 4.1 யூனிட் ஆகும். டேங்கில் ஏற்றினாலும் ஓடும்போதே ஏற்றினாலும் இதே 4.1 தான், ஏனென்றால் மின்சார எலிமென்ட் இரண்டிலும் தான் இழுத்ததை முழுக்கச் சூடாகத்தான் மாற்றுகிறது. டேங்க் இல்லாததில் மிச்சமாவது, டேங்கின் சுவர் வழியாகக் கசியும் சூடு மட்டுமே. நல்ல பஃப் இன்சுலேஷன் (சூடு கசியாமல் காக்கும் நுரை உறை) உள்ள 25 லிட்டர் டேங்கை நாள் முழுக்க ஆனிலேயே விட்டாலும் அரை யூனிட் அளவில்தான் அது இருக்கும். மோசமான டேங்கில் ஒரு யூனிட்டைத் தொடலாம். குளிப்பதற்கு முக்கால் மணி முன்பு போட்டு, குளித்ததும் அணைத்தால் அதிலும் பெரும்பகுதி போகாது. ஒரு டைமர் ஸ்விட்ச் போதும்.

இடைக்குறிப்பாக ஒன்று: மிச்சமிருக்கும் சுடுதண்ணீர் அணைத்தவுடன் வீணாகிவிடுவதில்லை. நல்ல டேங்கில் 60 டிகிரியில் விட்டது, ஒரு நாள் கழித்தும் 45க்குப் பக்கத்தில் இருக்கும். கரண்ட் செலவைப் பாதியாக்கித்தான் தீரவேண்டும் என்றால் அதற்கு வழி ஹீட் பம்ப் ஹீட்டர். அது ஒரு யூனிட் எடுத்துச் சுமார் மூன்று யூனிட் சூட்டைத் தரும். ஆனால் பெரிய டேங்கும் காற்றோட்டமான இடமும் வேண்டும். வீட்டை மறுபடி கட்டும்போது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆக உங்களுக்கு டேங்க் உள்ளதுதான். எவ்வளவு பெரியது என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். 60 டிகிரியில் நிறைந்த 25 லிட்டர் டேங்க், 20 டிகிரி தண்ணீருடன் கலந்தால் கணக்குப்படி 40 டிகிரியில் 50 லிட்டர் தர வேண்டும். நடைமுறையில் 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் நுழையும் குளிர்ந்த தண்ணீர் மேலே இருப்பதைக் கொஞ்சம் ஆற்றிவிடும். நெட்டாக நிற்கும் டேங்கில் இந்தக் கலப்பு குறைவு, படுக்கை டேங்கில் அதிகம். கதவுக்கு மேல் இடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் படுக்கை மாடல் வாங்காதீர்கள்.

ஒருவர் குளித்ததும் டேங்க் பழைய நிலைக்கு வர, 2 கிலோவாட் எலிமென்டுக்கு 25 நிமிடம் ஆகும். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பேர் குளிக்கும் குளியலறைக்கு 25 லிட்டர் டேங்க் போதும், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே அந்த 25 நிமிடம் இருந்தால். ஒருவர் வெளியே வருவதற்குள் அடுத்தவர் கதவைத் தட்டும் வீடாக இருந்தால் 35 லிட்டர் எடுங்கள். நான் உங்களுக்கு 35ஐத்தான் சொல்வேன். மாமியாரும் இன்னொருவரும் பயன்படுத்தும் குளியலறைக்கு 25 போதும். 20 டிகிரியிலிருந்து 60க்குப் போக 25 லிட்டருக்கு 35 நிமிடம், 35 லிட்டருக்கு 50 நிமிடம்.

சமையலறையில் இன்ஸ்டன்ட் ஹீட்டரே நல்லது. அங்கே தேவை கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க இருக்கும். பாத்திரம் அலசக் குழாயைப் பாதி திறந்து நிமிடத்துக்கு 2, 3 லிட்டர்தான் விடுகிறோம். 3 லிட்டர், 3 கிலோவாட் மாடலைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகிலேயே மாட்டுங்கள். குளியலறை ஹீட்டரிலிருந்து முக்கால் அங்குலக் குழாயை 15 மீட்டர் இழுத்தால், ஒவ்வொரு முறையும் குழாயில் ஆறிக் கிடக்கும் நாலு லிட்டர் வெளியே போன பிறகுதான் சூடு வரும்.

போர் தண்ணீருக்கு டேங்கின் உள்பூச்சு முக்கியம். குளோரைடு அதிகமுள்ள தண்ணீரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கின் வெல்டிங் ஓரங்கள் அரிக்கும். கண்ணாடிப் பூச்சு போட்ட, மெக்னீசியம் ஆனோடு ராடு உள்ள டேங்க் எடுங்கள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது டிடிஎஸ் (கரைந்திருக்கும் மொத்த உப்பு) மட்டும் போதாது, கடினத்தன்மையைத் தனியாகக் கேளுங்கள். லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் என்றால் மிகவும் கடின நீர், சுண்ணாம்பு படியும். டேங்க் இல்லாத ஹீட்டரின் மெல்லிய குழாய்களில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். டேங்கில் எலிமென்ட் மேல் படியும். முதல் அடையாளம், சூடாகும்போது வரும் பொரிகிற சத்தம்.

சத்தம் கேட்காவிட்டாலும் வருடம் ஒருமுறை திறந்து பாருங்கள். எம்சிபியை அணைத்து, டெஸ்டரால் கரண்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள். தண்ணீர் ஆறட்டும். உள்ளே வரும் வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவையுங்கள். மேலே காற்று நுழையாவிட்டால் டேங்க் காலியாகாது. பிறகு அடியிலிருந்து தண்ணீரை வடியவிடுங்கள். வடிந்ததும் எலிமென்ட் மூடியின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வெளியே எடுங்கள். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில், ஒயர் முனைகள் நனையாமல் ஊறவிட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். இரும்புத் தகடால் சுரண்டாதீர்கள். டேங்கின் உள்ளே தட்டவும் கூடாது, பூச்சு விரிசல் விடும். ஆனோடு ராடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தாலோ, நடுக்கம்பி தெரிந்தாலோ மாற்றுங்கள். கேஸ்கெட் எப்போதும் புதிது. திரும்ப நிரப்பும்போது சுடுதண்ணீர்க் குழாயில் காற்று துப்பாமல் ஒரே சீராகத் தண்ணீர் வந்த பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் எலிமென்ட் சில நிமிடத்தில் கருகும். இந்த வேலைக்கு வசதியாக, நெட்டு டேங்கின் அடியில் ஒரு முழ இடமாவது விட்டு மாட்டச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட்டை 60இல் வையுங்கள். 50இல் வைத்தால் சுண்ணாம்பு குறையும் என்பது உண்மை. ஆனால் 20 முதல் 45 டிகிரி வரையான தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும்; வயதானவர்கள் இருக்கும் வீட்டில் டேங்கை 60க்குக் கொண்டுபோவதுதான் பாதுகாப்பு. ஆனால் 60 டிகிரி தண்ணீர் ஐந்து வினாடியில் தோலைப் பொசுக்கிவிடும். வயதான தோலுக்கு அந்த ஐந்து வினாடிகூட வேண்டாம். அதனால் மாமியாரின் குளியலறையில், சுடுதண்ணீரையும் குளிர்ந்ததையும் தானே கலந்து ஒரே சூட்டில் தரும் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு ஒன்றைப் போட்டு 40, 41 டிகிரியில் நிறுத்துங்கள். குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் மாடலா என்று கேட்டு வாங்க வேண்டும். எல்லா வால்வும் 0.25 பாரில் ஓடாது.

கடைசியாக ஒயரிங். 2 கிலோவாட் என்றால் 8.7 ஆம்ப், 3 கிலோவாட் என்றால் 13 ஆம்ப். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தனியாக எம்சிபியிலிருந்து வந்தால் இரண்டுக்கும் போதும். தூரம் அதிகமானால் 4. உங்கள் பழைய 16 ஆம்ப் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பின் நுழையும் ஓட்டை பழுப்பேறியிருந்தாலோ, ஒயர் முனையின் இன்சுலேஷன் கடினமாகி உடைந்தாலோ, அங்கே பல வருடமாகச் சூடேறியிருக்கிறது. அதை விட்டுவிட்டு, குளியலறைக்கு வெளியே டிபி ஸ்விட்ச் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிப்பது) வைத்து நேரடியாக இணைப்பது மேல். புதிதாகச் சேரும் குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனி சர்க்யூட். மூன்றும் ஒன்றாக ஓடினால் 7 கிலோவாட், உங்கள் லோடைத் தாண்டும். சமையலறை ஹீட்டருக்கும் 35 லிட்டர் ஹீட்டருக்கும் நடுவே ஒரு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வைத்தால், ஒன்று ஓடும்போது மற்றது ஓடாது. மொத்தம் 5 கிலோவாட்டில் நிற்கும். அப்போதும் மோட்டாரையோ இஸ்திரிப் பெட்டியையோ அந்த நேரத்தில் போடாதீர்கள்.

30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் எந்த ஹீட்டரையும் இணைக்க விடாதீர்கள். ஹீட்டர் போட்டுப் பத்து நிமிடத்தில் அது விழுந்தால் பெரும்பாலும் எலிமென்ட் உறையில் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். "ஆர்சிசிபி சரியில்லை, நேராகக் கொடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டன் அந்தக் கருவியை மட்டும்தான் சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது. அதனால் ஹீட்டரின் உலோக உடலிலிருந்து எர்த் குழி வரை இணைப்பு இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்துத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.